வெயிலில் நின்றபின் ‘டக்’ என்று ஒரே சத்தம்: பேட்டரியா, செல்ஃப் மோட்டாரா, எர்த்தா?

குடியாத்தத்திலிருந்து காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளிக்குத் தினமும் காரில் போய்வரும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். பதினோரு வருடப் பெட்ரோல் வண்டி, சின்னது, கியர் வண்டி. காலையில் சாவியைத் திருப்பினால் முதல் தடவையிலேயே பிடிக்கிறது. மாலை நாலேகாலுக்குப் பள்ளியில் இருந்து கிளம்பும்போதும் தொல்லை இல்லை. வழியில் காய்கறி வாங்க நிறுத்திவிட்டு, பதினைந்து இருபது நிமிடம் கழித்து வந்து சாவி போட்டால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. அரை மணி நேரம் நின்றால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. பதினான்கு மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. ஒவ்வொரு முறை மாற்றியதும் நாலைந்து மாதம் நன்றாக ஓடும், அப்புறம் பழைய கதை. இப்போது செல்ஃப் மோட்டாரையே புதிதாகப் போடச் சொல்கிறார்கள், பதினோராயிரம் ஆகுமாம். போடலாமா, அதற்கு முன் நானே ஏதாவது பார்க்க முடியுமா என்பது அவருடைய கேள்வி.

டீச்சர், இப்போதைக்குப் போடாதீர்கள். செல்ஃப் மோட்டார் குற்றவாளியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இதுவரை யாரும் அதை விசாரிக்கவே இல்லை, தண்டனையை மட்டும் எழுதிவிட்டார்கள்.

வேலூரில் இருபத்தாறு வருடம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தவன் நான். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. பேட்டரி மாற்றியதும் நாலைந்து மாதம் நன்றாக ஓடியது என்றீர்களே, அந்த வரிதான். பேட்டரி மாற்றுகிறவர் என்ன செய்வார்? இரண்டு டெர்மினலையும் கழற்றுவார், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், கேபிளை இப்படியும் அப்படியும் வளைப்பார், திரும்ப மாட்டி இறுக்குவார். அந்த ஆட்டத்தில் கேபிளின் மறுமுனையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். புதுப் பேட்டரி என்பதால் கால் வோல்ட் கூடுதலாகவும் வரும். ஆக, புதுப் பேட்டரி போட்டதால் வண்டி சரியாகவில்லை, போடுவதற்காகக் கழற்றி மாட்டியதால்தான் சரியானது என்பது என் சந்தேகம்.

ஏன் அப்படி என்று ஒரு சின்னக் கணக்கு. இரண்டு ஹெட்லைட்டும் எரியும்போது பேட்டரியிலிருந்து போவது சுமார் 9 ஆம்பியர். செல்ஃப் மோட்டார் ஒரு சின்னப் பெட்ரோல் இன்ஜினைச் சுற்ற இழுப்பது சுமார் 150 ஆம்பியர், முதல் நொடியில் அதற்கும் மேலே. இப்போது எங்கோ ஒரு இணைப்பில் துரு ஏறி 0.02 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். ஒன்றுமே இல்லாத அளவு. ஹெட்லைட்டுக்கு அது பறித்துக்கொள்வது 0.18 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. செல்ஃப் மோட்டாருக்குப் போகும் வழியிலோ 3 வோல்ட் போய்விடும். “லைட்டு பளிச்சென்று எரியுது, ஹாரன் அடிக்குது, அப்போ கனெக்‌ஷன் எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்கிறார்களே, அந்தப் பேச்சு எத்தனை பேருக்கு வீணாகச் செல்ஃப் மோட்டார் வாங்க வைத்திருக்கிறது தெரியுமா? ஒற்றையடிப் பாதையில் சைக்கிள் போகிறது என்பதற்காக அதில் லாரி போகும் என்று சொல்ல முடியாது.

சரி, காலையில் பிடிக்கிற வண்டி மாலையில் மட்டும் ஏன் மக்கர் பண்ணுகிறது? சூடு. நம் ஊரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது காற்று உள்ளே புகுந்து வெளியேறுகிறது, ரேடியேட்டர் தண்ணீர் சுற்றுகிறது. இன்ஜினை நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும். ஆனால் இன்ஜின் இரும்பில் இருக்கும் சூடு எங்கே போகும்? பானட்டுக்குள்ளேயே பரவும். நிறுத்திய பத்து இருபது நிமிடத்தில்தான் உள்ளே இருக்கும் சாமான்கள் ஓடும்போது இருந்ததைவிட அதிகமாகச் சுடும். நீங்கள் காய்கறி வாங்கிவிட்டு வரும் நேரம் சரியாக அதுதான்.

செம்புக் கம்பி 10 டிகிரி சூடேறினால் அதன் மின்தடை சுமார் 4 சதவீதம் கூடும். காலையில் 30 டிகிரியில் இருந்த செல்ஃப் மோட்டார் மாலையில் 100 டிகிரிக்குப் போனால் கால் பங்குக்கு மேல் தடை கூடிவிட்டது. மோட்டாரின் தலையில் உட்கார்ந்து அதற்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்தச் சுவிட்சான சோலனாய்டுக்கும் அதே கதி, இழுக்கிற பலம் குறைந்துவிடும். எல்லா இணைப்பும் நல்ல நிலையில் உள்ள வண்டி இதைத் தாங்கிக்கொள்ளும். எங்கோ ஒரு ஓட்டை இருக்கிற வண்டி தாங்காது. மாதம் முதல் தேதி வீட்டில் கடன் இருப்பதே தெரியாது, இருபத்தைந்தாம் தேதி தெரியும் இல்லையா, அப்படி.

இனி நீங்களே பார்க்கக்கூடியவை. பானட்டைத் திறக்கும் முன் இரண்டு விஷயம்: கை பிரேக் போட்டு வண்டியை நியூட்ரலில் வையுங்கள். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் ஃபேன் சாவி இல்லாமலே திடீரென்று சுற்ற ஆரம்பிக்கும், துப்பட்டா, புடவைத் தலைப்பு, விரல் எதுவும் அதன் பக்கம் போகக்கூடாது.

முதல் சோதனைக்குக் காசே வேண்டாம். வண்டிக்குள் கூரையில் இருக்கும் விளக்கைப் போடுங்கள். ஹெட்லைட் வேண்டாம், பல வண்டிகளில் செல்ஃப் அடிக்கும்போது அது தானாகவே அணையும், ஏமாந்துவிடுவோம். இப்போது சாவியைத் திருப்பி, விளக்கைப் பாருங்கள். ‘டக்’ சத்தத்தோடு விளக்கும் செத்துப்போகிறது என்றால் மூன்றில் ஒன்று: பேட்டரி உண்மையிலேயே பலவீனம், அல்லது பேட்டரி முனையில் டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது மோட்டார் உள்ளே இறுகிப்போய் கரண்டை விழுங்குகிறது. ‘டக்’ என்று கேட்கிறது, ஆனால் விளக்கு அசையவே இல்லை என்றால், பேட்டரியில் சரக்கு இருக்கிறது, மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. இன்ஜின் எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி), மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிள், சோலனாய்டு உள்ளே இருக்கும் செம்புக் காண்டாக்ட், இவற்றில் ஒன்று. ‘டக்’ சத்தமும் இல்லை, விளக்கும் மங்கவில்லை என்றால் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்), ஃபியூஸ், சாவி சுவிட்ச் பக்கம் போக வேண்டும்; சில வண்டிகளில் கிளட்சை முழுதாக மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும், அதையும் பாருங்கள்.

உங்கள் வண்டியில் விளக்கு மங்காது என்று நான் பந்தயம் கட்டுவேன்.

மங்கவில்லை என்றால் இரண்டாவது சோதனை. ஜம்பர் கேபிள் ஒரு செட் வண்டியில் வைத்திருப்பது எப்படியும் நல்லது. அதில் கறுப்புக் கேபிளை மட்டும் எடுங்கள். ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் மாட்டுங்கள். மறு முனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில், ஓடும் பெல்ட்டுக்கும் பெட்ரோல் குழாய்க்கும் தள்ளி, ஒரு போல்ட்டையோ கொக்கியையோ பார்த்துக் கடிக்க விடுங்கள். இப்போது சாவியைத் திருப்புங்கள். காலையில் சுற்றுவது போலச் சுற்றிப் பிடித்துவிட்டதா? முடிந்தது. உங்கள் வண்டியின் நோய் எர்த் பட்டை. பதினோராயிரம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

எர்த் பட்டை என்பது செம்புக் கம்பிகளைச் சடை போலப் பின்னிய ஒரு துண்டு, அல்லது கறுப்புத் தடித்த கேபிள். பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் அல்லது கியர் பாக்ஸுக்கும் போகும். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் பாடியோடு அதற்கு நேரடி இரும்புத் தொடர்பு இல்லை. மோட்டாருக்குப் போன 150 ஆம்பியரும் திரும்பி வர இந்தச் சடைதான் வழி. மழை, சேறு, எண்ணெய் பட்டு உள்ளே பச்சை பூத்துவிடும். வெளியே பார்த்தால் முழுசாகத்தான் தெரியும், மடக்கிப் பார்த்தால் பொலபொலவென்று உதிரும். விலை சில நூறு ரூபாய்க்குள்தான். ஆனால் புதுசு மாட்டும்போது அது உட்காரும் இடத்தில் இருக்கிற பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, இரும்பு பளபளவென்று தெரியும்படி செய்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.

இந்தச் சுரண்டல் சமாச்சாரத்தை நான் கற்றுக்கொண்டது ஏலகிரியில். பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கும், அப்போது அது வேலூர் மாவட்டம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆம்பூரிலிருந்து மலைக்குப் போன ஒரு குடும்பம் எனக்குப் போன் செய்தது. வண்டி மலை ஏறியதும் நிறுத்தினார்கள், திரும்ப எடுக்கவில்லை, ‘டக்’ சத்தம் மட்டும். நான் போய்ச் சேர்வதற்குள் அங்கிருந்தவர்கள் ஒரு யோசனை கொடுத்திருந்தார்கள்: “கீழே இறக்கம்தானே, தள்ளிவிட்டா தானா உருண்டு போகும், ரெண்டாவது கியர்ல போட்டு கிளட்சை விடுங்க.” நல்லவேளை, வீட்டுப் பெரியம்மா விடவில்லை.

அந்த இடத்தில் சொன்னதை இங்கேயும் அழுத்திச் சொல்கிறேன். இன்ஜின் ஓடாத வண்டியில், பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்காது. மிச்சம் இருப்பதை வைத்து இரண்டு மூன்று மிதி மிதிக்கலாம், அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் இருக்காது. பதற்றத்தில் சாவியை முழுதாகப் பின்னால் திருப்பி உருவிவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஏலகிரியில் பதினாலு கொண்டை ஊசி வளைவு. கம்பர், இளங்கோ, பாரி, ஓரி என்று புலவர் பெயரும் வள்ளல் பெயரும் வைத்திருக்கிறார்கள். இன்ஜின் இல்லாமல் இறங்குகிறவனுக்கு எந்த வள்ளலும் கை கொடுக்க மாட்டார். தள்ளி ஸ்டார்ட் செய்வதே என்றால் சமதரையில், சாவியை ஆனில் வைத்து, இரண்டாவது கியரில், ஒன்றிரண்டு முறை. ஆட்டோமேட்டிக் வண்டியில் அதுவும் இல்லை. திரும்பத் திரும்பத் தள்ளினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுக்கும், அதன் விலையைக் கேட்டால் செல்ஃப் மோட்டார் சல்லிசு என்பீர்கள்.

அந்த ஆம்பூர் வண்டியில் என்ன இருந்தது? ஆறு மாதம் முன்னால் எங்கோ கிளட்ச் பிளேட் மாற்றியிருக்கிறார்கள். அதற்காகக் கியர் பாக்ஸை இறக்கும்போது எர்த் பட்டையைக் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டியவர், பழைய இடத்தை விட்டுப் பக்கத்தில் வேறொரு போல்ட்டில், பெயின்ட்டுக்கு மேலேயே வைத்து முறுக்கிவிட்டார். போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. ஆம்பூர் தெருவில் அது போதுமாக இருந்தது, மலை ஏறிய சூட்டில் போதவில்லை. ஒரு ஸ்பேனர், ஒரு கத்தி, பத்து நிமிட வேலை. நான் வாங்கிய கூலியில் பெரும்பகுதி மலை ஏறியதற்குத்தான்.

ஜம்பர் சோதனையில் மாற்றம் எதுவும் தெரியவில்லை என்றால் மல்டிமீட்டர் வேண்டும். எலக்ட்ரிக்கல் கடையில் முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கிடைப்பதே இதற்குப் போதும். 20 வோல்ட் டி.சி. அளவில் வையுங்கள். கூட ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும். வண்டி மக்கர் பண்ணும் அந்த நேரத்தில்தான் அளக்க வேண்டும், காலையில் நன்றாக ஓடும்போது அளந்தால் எல்லாம் சுத்தமாகத்தான் காட்டும்.

மீட்டரின் இரண்டு முனையையும் பேட்டரியின் ஈயக் குமிழ் மேலேயே வையுங்கள், டெர்மினல் வளையத்தில் வைக்க வேண்டாம். ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். இன்ஜின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.4 வரை காட்ட வேண்டும், இல்லாவிட்டால் டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை. நாம் ஆல்டர்னேட்டரையும் டைனமோ என்றே சொல்லிப் பழகிவிட்டோம், கடையில் அப்படியே கேளுங்கள்.

இப்போது முக்கியமான நொடி. சாவியைத் திருப்பி ‘டக்’ என்று கேட்கும்போது மீட்டர் என்ன காட்டுகிறது? 12-க்கு மேலேயே நிற்கிறது என்றால் பேட்டரி நிரபராதி, அதிலிருந்து பெரிய கரண்ட் எதுவும் கிளம்பவே இல்லை. சடாரென்று 9-க்குக் கீழே விழுகிறது என்றால் பேட்டரி வலுவில்லை, அல்லது மோட்டார் இறுகியிருக்கிறது. அடுத்து, மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் மைனஸ் குமிழில், மறு முனை இன்ஜின் இரும்பில். சாவியைத் திருப்பும்போது 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் எர்த் வழியில்தான் அடைப்பு. இதே மாதிரி பிளஸ் குமிழிலிருந்து மோட்டாரின் பெரிய போல்ட் வரைக்கும் அளக்கலாம், அரை வோல்ட்டைத் தாண்டக்கூடாது. ஆனால் அந்தப் போல்ட் பல வண்டிகளில் கீழே, சைலன்சருக்குப் பக்கத்தில் இருக்கும். சூட்டில் கை விடாதீர்கள், அதை எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும்.

எர்த் சுத்தம், பேட்டரி 12-க்கு மேல் நிற்கிறது, ‘டக்’ மட்டும் கேட்கிறது என்றால் மோட்டார் பக்கம்தான் போக வேண்டும். அப்போதும் புதுசு வாங்க அவசரம் இல்லை. மோட்டாரைக் கழற்றி ஒரு செல்ஃப் டைனமோ வேலை செய்யும் கடையில் கொடுங்கள். சோலனாய்டு உள்ளே இரண்டு செம்புக் காண்டாக்ட் இருக்கும், பல வருடம் நெருப்புப் பொறி பட்டுப் பட்டுக் கரிந்து குழிவிழுந்திருக்கும். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். புஷ் ஆடும். இதை மாற்றினால் மோட்டார் இன்னும் சில வருடம் உழைக்கும், செலவும் புதுசின் விலையில் ஒரு பங்குதான். மோட்டாருக்கு வரும் மெல்லிய வயரில், சாவி திருப்பும்போது எத்தனை வோல்ட் வருகிறது என்றும் அளக்கச் சொல்லுங்கள். பழைய வண்டிகளில் சாவி சுவிட்ச் தேய்ந்து அங்கே 8, 9 வோல்ட்தான் வந்துகொண்டிருக்கும், பாவம் சோலனாய்டு என்ன செய்யும்? தனியாக ஒரு ரிலே போட்டால் தீர்ந்தது.

சுத்தியலின் மரப்பிடியால் மோட்டாரை ஒரு தட்டு தட்டினால் சுற்றுகிறதே என்று கேட்பீர்கள். ஆமாம், சுற்றும், பிரஷ்ஷும் காண்டாக்ட்டும் நகர்ந்து உட்காரும். அது நடுரோட்டில் வீடு போய்ச் சேர்வதற்கான வித்தை, வைத்தியம் இல்லை.

உங்கள் வண்டி அல்லாமல் வேறு சத்தம் போடும் வண்டிக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் மற்றதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘டக டக டக டக’ என்று வேகமாக அடித்தால் பத்தில் ஒன்பது முறை பேட்டரி இறங்கியிருக்கிறது அல்லது டெர்மினல் லூஸ். ‘உய்ங்ங்’ என்று மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றி இன்ஜின் அசையவில்லை என்றால் மோட்டாரின் பல் சக்கரம் இன்ஜினின் பெரிய சக்கரமான ஃப்ளைவீலைப் பிடிக்கவில்லை. செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது, வண்டிதான் பிடிக்கவில்லை என்றால் அது முற்றிலும் வேறு வியாதி, அங்கே பேட்டரியை நோண்டி நேரத்தை வீணாக்காதீர்கள். பெட்ரோல் வண்டியில் சாவியை ஆனில் வைத்ததும் பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு நொடி ‘ஙொய்’ என்று ஒரு முனகல் கேட்க வேண்டும், அதுதான் பெட்ரோல் பம்ப். கேட்கவில்லை என்றால் பம்ப், அதன் ஃபியூஸ், ரிலே. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு விடாமல் கண் சிமிட்டினால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை, இன்னொரு சாவியில் பாருங்கள். பட்டன் வண்டியில் ரிமோட்டின் செல் தீர்ந்திருந்தால், ரிமோட்டை அந்தப் பட்டனோடு ஒட்டவைத்து அழுத்தினால் பெரும்பாலும் எடுக்கும். சூட்டில் ஓடிக்கொண்டே நின்று, ஆறியதும் பிடிக்கிற வண்டி என்றால் இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படுங்கள். டீசல் வண்டியில் டேங்க் காலியாகிப் பிறகு ஊற்றியிருந்தால் குழாயில் காற்று அடைத்திருக்கும், ஃபில்டர் மேல் இருக்கும் கைப் பம்ப்பை அது இறுகும் வரை அழுத்த வேண்டும்.

எதுவாக இருந்தாலும் ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள். நல்ல மோட்டாரைப் பொசுக்குவதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை.

கார்புரேட்டர் காலத்தில் இந்த வெயில் வேறு மாதிரி படுத்தியது. அம்பாசிடரிலும் பழைய மாருதி 800-இலும் பெட்ரோல் குழாயிலேயே கொதித்து ஆவியாகிவிடும், பம்ப்பால் இழுக்க முடியாது. ஈரத்துணியைப் பம்ப்பின் மேல் சுற்றிவிட்டு டீக்கடையில் உட்காருவோம். அந்த ஞாபகத்தில் இன்றைக்கும் சில பெரியவர்கள் பானட்டைத் திறந்து ஈரத்துணி போடச் சொல்வார்கள். இப்போதைய வண்டியில் பம்ப் டேங்குக்குள் இருக்கிறது, துணிக்கு அங்கே வேலை இல்லை. தண்ணீர் எலக்ட்ரிக் சாக்கெட்டில் இறங்கினால் இன்னொரு வேலை சேரும். இன்னொரு பழைய வித்தை, ஓடுகிற இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்த்து டைனமோ வேலை செய்கிறதா என்று கண்டுபிடிப்பது. தயவுசெய்து வேண்டாம். அந்த நொடி கிளம்பும் மின்னழுத்தம் கம்ப்யூட்டர் பெட்டியையே முடித்துவிடும்.

பேட்டரியைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இரண்டு முறை மாற்றியிருக்கிறீர்கள். வெயில் பேட்டரியை உண்மையிலேயே அரிக்கும். நம் பக்கம் மூன்று நாலு வருடம் வந்தால் அது ஒழுங்கான பேட்டரி. தண்ணீர் ஊற்றும் வகை என்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே. போர் தண்ணீரை ஊற்றிவிட்டு “மூணு மாசத்தில் போச்சு” என்று வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நம் பாலாற்றங்கரை நிலத்தடி நீரின் லட்சணத்துக்கு உச்ச நீதிமன்றமே 1996-இல் தோல் தொழிற்சாலை வழக்கில் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது, பேட்டரி அதை எப்படிக் குடிக்கும்? டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்தால், முதலில் மைனஸைக் கழற்றி, வெந்நீரில் ஆப்பசோடா கரைத்து ஊற்றிப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். காய்ந்ததும் மாட்டி, இறுக்கி, அதன்பிறகு மேலே வாஸ்லின் பூசுங்கள். பூசிவிட்டு மாட்டக் கூடாது.

இரண்டு மூன்று நாள் நிறுத்தினாலே பேட்டரி இறங்கும் வண்டியில் ஏதோ ஒன்று திருட்டுத்தனமாகக் கரண்டைக் குடிக்கிறது. நிறுத்திப் பூட்டி அரை மணி கழித்து 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போகக்கூடாது. அரை ஆம்பியர் போனால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் அவர், 35 ஆம்பியர் அவர் பேட்டரி மூன்றாம் நாள் படுத்துவிடும். பிறகு வாங்கிப் பொருத்திய பெரிய திரை, கேமரா, ஜி.பி.எஸ். கருவி, இவைதான் வழக்கமான திருடர்கள். உங்களுக்கு இது இல்லை என்று நினைக்கிறேன், தினமும் ஓட்டுகிறீர்கள்.

எலி உங்களுக்கும் வரலாம். அறுவடை முடிந்து, மழையும் வந்துவிட்டால் வயல் எலிக்குச் சூடான இன்ஜினைவிட நல்ல வீடு கிடையாது. ஒரு மெல்லிய வயரைக் கடித்தால் போதும், வண்டி நின்றுவிடும். புகையிலைக் கட்டைத் தொங்கவிடச் சொல்வார்கள், குடியாத்தத்தில் அதற்குப் பஞ்சமும் இல்லை. அந்தக் கட்டின் மேலேயே எலி குட்டி போட்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்ததிலிருந்து அதைச் சிபாரிசு செய்வதில்லை. தினமும் பானட்டைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பதுதான் நான் கண்ட ஒரே வழி.

மழை என்றதும் இன்னொன்று. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த வாரம் தண்ணீரில் நின்ற வண்டிகளைச் செல்ஃப் அடித்துப் பார்த்தே சிலர் இன்ஜினை முடித்துக்கொண்டார்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் காற்றைப் போல அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வண்டி இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தால் சாவியையே தொடாமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வாரத்தில் ஒருநாள் மாலை காய்கறிக் கடை வாசலில் வண்டி மக்கர் பண்ணும்போது, பதற்றப்படாமல் கூரை விளக்கைப் போட்டு மங்குகிறதா பாருங்கள். அப்புறம் கறுப்புக் கேபிள். கூட யாராவது இருந்தால் மீட்டரில் அந்த இரண்டு அளவு: குமிழுக்குக் குமிழ் எவ்வளவு, மைனஸ் குமிழுக்கும் இன்ஜினுக்கும் எவ்வளவு. அந்த எண்களை எழுதி அனுப்புங்கள். கூடவே, கடைசியாகக் கிளட்ச் வேலையோ கியர் பாக்ஸ் வேலையோ எப்போது நடந்தது என்று பழைய பில்லைத் தேடிப் பார்த்துச் சொல்லுங்கள். முதல் பேட்டரி மாற்றியதற்குச் சில மாதம் முன்னால் என்றால், நான் மீட்டரை எடுப்பதற்கு முன்பே அந்த எர்த் போல்ட்டைக் கழற்றிப் பார்ப்பேன்.